நரம்புக் கோளாறு: காரைக்குடியிலேயே காட்டுவதா, மதுரைக்குப் போவதா?

வலிப்பு, கை நடுக்கம், விடாத தலைவலி, கால் மதமதப்பு, மறதி. இதில் ஏதாவது ஒன்று வீட்டில் தலைகாட்டியதும் எங்கள் பக்கம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "இங்கேயே பார்க்கலாமா, மதுரைக்குக் கூட்டிப் போயிடலாமா?" புதுக்கோட்டைப் பக்கத்து ஊர்க்காரர்கள் மதுரைக்குப் பதில் திருச்சி என்பார்கள். சிங்கப்பூரிலிருந்து போனில் பேசும் மகன், "முதல்ல ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்துடுங்க" என்பார். நான் காரைக்குடியில் பொது மருத்துவம் பார்க்கிறவன். எனவே உள்ளூருக்குச் சாதகமாகத்தான் எழுதுவேன் என்று நீங்கள் சந்தேகப்பட்டால் தப்பில்லை. உள்ளூர் எங்கே போதாது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

## ஒப்பிடவே கூடாத ஒன்று

பக்கவாதம். திடீரென்று வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கையோ காலோ விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, படிப்பதை நிறுத்திவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்; அதற்குள்ளும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. மூளையின் பெரிய ரத்தக் குழாய் அடைபட்டால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன என்பது கணக்கு. நேரத்தை எண்ண வேண்டியது அவர் கடைசியாக நன்றாக இருந்த நிமிடத்திலிருந்து. காலையில் எழும்போதே கை விழுந்திருந்தால், ராத்திரி படுக்கப் போன நேரம்தான் தொடக்கம். கட்டியைக் குழாய் வழியாக உள்ளே போய் எடுக்கும் சிகிச்சை சிலருக்கு 24 மணி நேரம் வரைகூட உதவும். ஆகவே "நேரம் தாண்டிப்போச்சு" என்று வீட்டிலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

இந்த நிலையில் என் கிளினிக்குக்கும் வர வேண்டாம். சி.டி. ஸ்கேனும் அந்த ஊசியும் ஒரே இடத்தில் இருக்கிற மருத்துவமனை எது என்று நல்ல நாளிலேயே விசாரித்து வையுங்கள். வழியில் தண்ணீர் கொடுப்பது, ஆஸ்பிரின் போடுவது, பிரஷரைக் குறைக்க நாக்குக்கு அடியில் மாத்திரை வைப்பது, புறா ரத்தம் தேய்ப்பது எதுவும் வேண்டாம். ரத்தக் கசிவா அடைப்பா என்று ஸ்கேன் சொல்வதற்கு முன் ஆஸ்பிரின் ஆபத்து. பத்து நிமிடத்தில் தானாகச் சரியாகிப் போனாலும் அன்றைக்கே காட்டியாக வேண்டும். அதற்கடுத்த இரண்டு நாளில்தான் பெரிய அடி வரும் வாய்ப்பு அதிகம்.

மற்ற எல்லாவற்றுக்கும் யோசிக்க நேரம் இருக்கிறது. சரி, யோசிப்போம்.

## எதை வைத்து முடிவு செய்வது?

முதல் அளவுகோல் நோயின் வேகம். நிமிடக் கணக்கில் வந்ததா, நாள்கணக்கில் ஏறுகிறதா, வருடக்கணக்கில் ஊர்கிறதா? இதற்கு மட்டும் பதில் தெரிந்தாலே பாதி முடிவு வந்துவிடும்.

இரண்டாவது, உங்கள் கதையைக் கேட்க அங்கே நேரம் இருக்கிறதா என்பது. நரம்பியலில் நோயைக் கண்டுபிடிக்கும் பெரிய கருவி நோயாளி சொல்லும் விவரம்தான். வலிப்பில் நோயாளிக்கே நினைவிருக்காது. பார்த்தவர் வந்து சொல்ல வேண்டும். பார்த்தவரை வீட்டில் விட்டுவிட்டு, பார்க்காத மூன்று பேர் காரில் கிளம்பி மதுரைக்குப் போவதை அடிக்கடி காண்கிறேன்.

மூன்றாவது தொடர்ச்சி. வலிப்பு, கை நடுக்கமும் உடல் இறுக்கமும் தரும் பார்க்கின்சன் போன்றவற்றுக்கு வருடக்கணக்கில் மருந்து சாப்பிட வேண்டும், அளவை ஏற்றி இறக்க வேண்டும். மாதாமாதம் பார்க்க முடியாத இடம் எவ்வளவு பெரிய இடமாக இருந்து என்ன?

நான்காவது மொத்தச் செலவு. டாக்டர் பீஸ் அதில் சின்னப் பகுதி. கார் வாடகை, துணைக்கு வருபவரின் ஒரு நாள் கூலி, சாப்பாடு, சில சமயம் தங்கல், பழைய ரிப்போர்ட்டை மறந்ததால் திரும்ப எடுக்கும் டெஸ்ட்டுகள் எல்லாம் கூட்டினால்தான் உண்மைக் கணக்கு.

## உள்ளூர் பொது மருத்துவர்

நரம்பு என்று வருகிற பிரச்சினைகளில் கணிசமானவை இங்கேயே முடியக்கூடியவை. ஓர் உதாரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எழுபதைத் தாண்டிய பெரியவர், பழைய வட்டிக்கடைக் கணக்குப்பிள்ளை. வலது கை நடுக்கம். பார்க்கின்சன் என்று யாரோ சொல்ல, குடும்பமே கலங்கி வந்தது. கையை மடியில் வைக்கச் சொல்லி, "ஐயா, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிச்சுக்கிட்டே வாங்க" என்றேன். 93, 86, 79 என்று மூச்சு விடாமல் சொன்னார். மனம் கணக்கில் இருக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல் ஆட ஆரம்பித்தன. நடக்கச் சொன்னால் இரண்டு கையும் வீசவில்லை. சீட்டுக்குப் பின்பக்கம் ஒரு சுருள் வரையச் சொன்னேன். கோடு நடுங்கவில்லை, ஆனால் போகப் போகச் சுருள் சின்னதாகிக்கொண்டே போனது. எல்லாம் பார்க்கின்சன் மாதிரிதான். அப்புறம் அவர் மாத்திரைகளைப் போட்டுக் கொண்டுவந்த மஞ்சப்பையைக் கவிழ்த்தோம். அதில் ஒரு கேஸ் மாத்திரை. வயிற்று உப்புசத்துக்கென்று ஒரு வருடமாகத் தினமும். லெவோசல்பிரைடு கலந்தது.

இந்த மருந்து, மூளையில் உடல் அசைவைச் சீராக்கும் டோபமைன் என்ற ரசாயனம் வேலை செய்வதைத் தடுத்து, பார்க்கின்சன் போன்ற நடுக்கத்தையும் இறுக்கத்தையும் தரும். வாந்திக்கான மெட்டோக்ளோப்ரமைடு, தலைசுற்றலுக்கு மாதக்கணக்கில் ஓடும் சின்னாரிசின், ஒற்றைத் தலைவலிக்குத் தரும் ஃப்ளூனாரிசின் ஆகியவையும் அப்படித்தான். நிறுத்தினால் பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தொடங்கிச் சில மாதங்களுக்குள் குறையும்; இவருக்கும் குறைந்தது. குறையாவிட்டால் உள்ளே உண்மையான பார்க்கின்சன் இருக்கலாம், அப்போது நிபுணரிடம் போக வேண்டும். எந்த எம்.ஆர்.ஐ.யும் இந்தக் கேஸ் மாத்திரையைக் காட்டியிருக்காது.

இதேபோலப் படுக்கையில் புரளும்போது மட்டும் அரை நிமிடம் சுற்றும் தலைசுற்றல், தலையைச் சில கோணங்களில் திருப்பிப் படுக்க வைக்கும் ஐந்து நிமிட முறையில் பலருக்கு அன்றே தீர்ந்துவிடும். சர்க்கரைக்காரர்களின் கால் மதமதப்பை ஓர் இசைக்கவையும் மெல்லிய நைலான் இழையும் சொல்லிவிடும். மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிட்டவர்களுக்கும், பால்கூட அதிகம் சேர்க்காத சைவர்களுக்கும் பி12 குறைகிறதா என்று ஒரு ரத்தப் பரிசோதனை.

உள்ளூரின் இன்னொரு பலம் ஊரைத் தெரிந்திருப்பது. தைப்பூசத்துக்குக் குன்றக்குடியிலிருந்து பழநிக்குப் பாதயாத்திரை கிளம்புகிற பையனுக்கு வலிப்பு மருந்து ஓடுகிறது என்றால், தூக்கம் கெடுவதும் மாத்திரை தவறுவதும் வலிப்பை இழுத்து வரும் என்று முன்கூட்டியே சொல்லி, மாத்திரையைத் துணைக்குப் போகிறவர் பையிலும் ஒரு பட்டை போட்டு அனுப்ப முடியும்.

மறைந்திருக்கும் செலவு என்ன? எங்கள் தொழிலின் சோம்பல்தான். எதற்கெடுத்தாலும் "நரம்புத் தளர்ச்சி" என்று பெயர் வைத்து, வாரம் ஒரு சத்து ஊசியாக மாதங்களைக் கரைப்பது. உங்கள் டாக்டர் முட்டியைச் சுத்தியால் தட்டிப் பார்க்கவில்லை, நடக்கச் சொல்லவில்லை, நோயின் பெயரையும் சொல்லவில்லை, ஆனால் ஊசி மட்டும் தொடர்கிறது என்றால் அங்கே பணத்தோடு காலமும் போகிறது. அதேபோலக் காலில் தொடங்கி நாளுக்கு நாள் மேலே ஏறும் பலவீனம், சிறுநீர் கட்டுப்பாடு போவதோடு வரும் கால் பலவீனம், முதல் வலிப்பு, காய்ச்சலோடு குழப்பம் ஆகியவை எங்கள் கையில் நிற்க வேண்டியவை இல்லை. ஏறும் பலவீனம் மூச்சுத் தசையைத் தொட்டுவிட்டால் வென்டிலேட்டர் வேண்டும்.

## அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை

காரைக்குடியிலிருந்து சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரிகள் சுமார் 40, 50 கி.மீ.க்குள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை கிட்டத்தட்ட 90 கி.மீ. பலரும் இந்த வழியை ஏழைகளுக்கானது என்று ஒதுக்குகிறார்கள். என் அபிப்பிராயத்தில், மருத்துவமனையில் சேர்த்துப் பார்க்க வேண்டிய நோய்களுக்கு நடுத்தரக் குடும்பமும் முதலில் நினைக்க வேண்டிய இடம் இதுதான். விடாத வலிப்பு, மூளைக்காய்ச்சல், ஏறும் பலவீனம் போன்றவை இங்கே வந்துகொண்டே இருப்பதால் பார்த்துப் பழகிய கைகள் இருக்கின்றன. தீவிர சிகிச்சைப் பிரிவு நாள்கணக்கில் தேவைப்பட்டால் தனியாரில் பில் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

வலிப்பு மாத்திரைகள் இலவசமாகக் கிடைப்பது பெரிய விஷயம். பணம் இல்லாமல் மாத்திரையைத் திடீரென நிறுத்துவதுதான் அடுத்த வலிப்புக்கு நேர்வழி.

மறைந்த செலவு நேரம். காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு, வரிசை, டெஸ்ட்டுக்கு வேறு நாள், ரிப்போர்ட்டுக்கு இன்னொரு நாள். நரம்பியல் ஓ.பி. எந்தக் கிழமை என்று கேட்காமல் போய்த் திரும்பினால் ஒரு நாள் கூலி வீண். ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர் பார்ப்பார்; நோட்டுப் புத்தகம் கையில் இல்லாவிட்டால் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை உண்டு. ஆனால் அது பெரும்பாலும் மருத்துவமனையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கு. மாதாமாத மாத்திரைக்கு அதை நம்ப வேண்டாம்.

## மதுரை, திருச்சி தனியார் நரம்பியல் நிபுணர்

நோயின் பெயரிலேயே சந்தேகம் இருக்கும்போது இவரைப் போல உதவுகிறவர் இல்லை. இரண்டு மருந்து சரியான அளவில் கொடுத்தும் நிற்காத வலிப்பு, ஐம்பது வயதுக்கு முன் வரும் பார்க்கின்சன், கண் இமை சாய்ந்து மாலையில் களைப்பு கூடும் தசை நோய், ஒரு கண் மங்கிச் சரியாகி அடுத்து கால் மரத்துப்போகும் இளம் வயதுப் பெண். இவற்றை உள்ளூரில் இழுத்துக்கொண்டிருப்பது தப்பு.

இங்கே மறைந்திருக்கும் செலவு, பார்த்து முடித்த பிறகு தொடங்குகிறது. வலிப்புக்கு லெவெடிராசெட்டம் எழுதித் தருகிறார். மூன்றாவது வாரம் பையன் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். அது மருந்தின் பக்கவிளைவாக இருக்கலாம் என்று வீட்டாருக்குத் தெரியாது, 90 கி.மீ. போய்க் கேட்கத் தயக்கம். மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்துகிறார்கள். கார்பமாசெபின் என்ற இன்னொரு வலிப்பு மருந்தில் தோலில் தடிப்பு வந்தாலும் இதே கதை, ஆனால் அதில் ஆபத்து அதிகம். அன்றே காட்ட வேண்டும். கல்யாண வயதுப் பெண்ணுக்கு வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்து எழுதப்பட்டிருந்தால், கருத்தரிக்கும்போது குழந்தைக்குக் குறைபாடு வரும் அபாயத்தைப் பற்றி அன்றைக்கே கேளுங்கள். வேறு மருந்து முடியுமா என்பது நிபுணர் முடிவு செய்ய வேண்டியது. தானாக நிறுத்தக் கூடாது.

கல்யாணம் என்றதும் ஒரு பக்கப் பேச்சு. வலிப்பை மறைக்கவே வெளியூரில் காட்டுகிறவர்கள் உண்டு. ஊரில் தெரிந்தால் வரன் போய்விடும் என்ற பயம். இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடையாக இருந்தது 1999-லேயே நீக்கப்பட்டுவிட்டது. மறைப்பதன் உண்மையான ஆபத்து வேறு: கல்யாண வீட்டில் மூன்று நாள் மாத்திரையை ஒளித்து வைத்துச் சாப்பிட முடியாமல், தூக்கமும் கெட்டு, மணமேடையிலேயே வலிப்பு வருவது.

## நேராக ஸ்கேன் சென்டர்

இது ஒரு வழியே இல்லை என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் பலர் இதைத்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள், அதனால் எடை போட்டே ஆக வேண்டும்.

வழக்கமான ஒற்றைத் தலைவலி, பரிசோதனையில் குறை எதுவும் இல்லை என்றால், ஸ்கேன் சிகிச்சையை மாற்றுவது மிக அரிது. ஆனால் ரிப்போர்ட் சும்மா வராது. சைனஸ் தடிப்பு, சின்ன நீர்க்கட்டி, வயதுக்கேற்ற வெள்ளைப் புள்ளிகள், கழுத்துத் தேய்மானம் என்று ஏதாவது ஒரு வரி இருக்கும். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு மூன்று டாக்டர் அலைவதுதான் மறைந்த செலவு. தலைவலிக்காரர்கள் எண்ண வேண்டியது மாத்திரையை: சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாள், கலவை மாத்திரைகள் 10 நாள் என்று மாதக்கணக்கில் போனால் அந்த மாத்திரையே தலைவலியை நிரந்தரமாக்கும்.

மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி.யும் அப்படித்தான். உண்மையான வலிப்பு நோய் உள்ளவர்களிலேயே முதல் ஈ.ஈ.ஜி. பாதிப் பேருக்குச் சரியாகவே வரும். "ஈ.ஈ.ஜி. நார்மல், ஆகவே வலிப்பு இல்லை" என்பது தவறான முடிவு. கோயில் வரிசையில் வெகுநேரம் நின்று, கண் இருட்டி, வேர்த்து, விழுந்து இரண்டு உதறு உதறி உடனே தெளிந்தால் அது பெரும்பாலும் மயக்கம். அங்கே முதலில் தேவை இதயத்தைப் பார்க்கும் ஈ.சி.ஜி. நாக்கின் ஓரத்தைக் கடித்து, எழுந்த பிறகும் வெகுநேரம் யார் என்ன என்று தெரியாமல் இருந்தால் வலிப்பு. இதைப் பிரித்துச் சொல்ல எந்த மெஷினையும்விடப் பக்கத்தில் நின்றவர் எடுத்த செல்போன் வீடியோ உதவும். எடுக்கும்போது ஒருவர் எடுக்கட்டும், இன்னொருவர் ஒருக்களித்துப் படுக்க வைக்கட்டும். சாவியை யாரும் கையில் திணிக்க வேண்டாம். ஐந்து நிமிடம் தாண்டினால் 108.

ஸ்கேன் முதலில் வேண்டிய இடமும் உண்டு. ஆத்தங்குடிக் கல் பதித்த ஈரத் தரையில் வழுக்கி விழுந்த ஆச்சி, அன்றைக்கு ஒன்றுமில்லை என்று எழுந்துவிட்டார். மூன்று வாரம் கழித்துப் பேச்சு தடுமாறுகிறது, பகலில் தூங்குகிறார், நடை தள்ளாடுகிறது. வயசாச்சு, மறதி என்று விடாதீர்கள். மண்டையோட்டுக்கும் மூளைக்கும் நடுவே மெதுவாகக் கசிந்த ரத்தம் தேங்கியிருக்கலாம். ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இன்னும் வாய்ப்பு அதிகம். ஒரு சாதாரண சி.டி. அதைக் காட்டிவிடும், சின்ன அறுவை சிகிச்சையில் மனிதர் பழையபடி ஆகிவிடக்கூடும். பிள்ளைகள் எல்லாம் வெளியூரில், ஆச்சி மட்டும் பெரிய வீட்டில் என்றால், விழுந்த செய்தியே யாருக்கும் வராது. வேலைக்கு வருகிற அம்மாவிடம் கேளுங்கள்.

| பிரச்சினை | முதலில் எங்கே | ஸ்கேன் |
|---|---|---|
| திடீர் வாய் கோணல், கை விழுதல், பேச்சுக் குழறல் | 108. ஊசி வசதியுள்ள மருத்துவமனை | உடனே சி.டி. |
| நாளுக்கு நாள் ஏறும் பலவீனம் | அரசு மருத்துவக் கல்லூரி, அன்றே | அங்குள்ள டாக்டர்கள் முடிவு செய்வார்கள் |
| முதல் வலிப்பு | அரசு மருத்துவக் கல்லூரி அல்லது நிபுணர் | வேண்டும் |
| கட்டுக்குள் இருக்கும் பழைய வலிப்பு | உள்ளூர். இடையிடையே நிபுணர் | பெரும்பாலும் வேண்டாம் |
| வாழ்நாளில் இல்லாத திடீர்க் கடும் தலைவலி | அவசரப் பிரிவு | உடனே |
| வருடக்கணக்கான ஒற்றைத் தலைவலி | உள்ளூர் | பெரும்பாலும் வேண்டாம் |
| கை நடுக்கம் | உள்ளூர் (மருந்துப் பையோடு) | பெரும்பாலும் வேண்டாம் |
| கால் மதமதப்பு | உள்ளூர் | பெரும்பாலும் வேண்டாம் |
| விழுந்து சில வாரம் கழித்துக் குழப்பம் | ஸ்கேன் உள்ள மருத்துவமனை | சி.டி., அன்றே |

ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வரும் தலைவலியை இந்த அட்டவணையின் ஒற்றைத் தலைவலி வரிசையில் சேர்க்காதீர்கள். அதை விசாரிக்க வேண்டும்.

## வீடியோ ஆலோசனை

மருந்து அளவை மாற்ற, ரிப்போர்ட்டைக் காட்ட, பக்கவிளைவு கேட்க நன்றாகவே உதவுகிறது. அரசின் இ-சஞ்ஜீவனி இலவசம். ஆனால் முட்டியைத் தட்டிப் பார்க்க முடியாது, கையின் இறுக்கத்தை உணர முடியாது, கண்ணுக்குள் விளக்கடிக்க முடியாது. முதல் சந்திப்பை வீடியோவில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

## இரண்டு இடத்தையும் சேர்ப்பது

நாள்பட்ட நோய்களுக்கு நான் சொல்வது இதுதான்: பெயர் வைக்க மதுரையோ திருச்சியோ, நடத்திச் செல்ல உள்ளூர். பார்க்கின்சனுக்கு லெவோடோபாவை நிபுணர் தொடங்கட்டும். அதை இட்லி, பருப்போடு சேர்த்துப் போடாமல் சாப்பாட்டுக்கு அரை மணி முன் போடுவது, எந்த நேரத்தில் பலன் தேய்கிறது என்று குறித்து வைப்பது, மலச்சிக்கல், படுக்கையிலிருந்து எழும்போது பிரஷர் இறங்குவது எல்லாம் பக்கத்தில் இருக்கிறவர் பார்த்துக்கொள்ளலாம். பார்க்கின்சன் 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப் பட்டியலில் இருப்பதால், முடியாத நிலை வந்தால் சான்றிதழுக்கும் விண்ணப்பிக்கலாம்.

இது நடக்க நிபுணரின் சீட்டில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: நோயின் பெயர், மருந்தை எந்த அளவு வரை ஏற்றலாம், என்ன நடந்தால் திரும்பி வர வேண்டும். பல சீட்டுகளில் மருந்துப் பெயர் மட்டும்தான் இருக்கிறது. பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் வெளியே வந்துவிடாமல், மருந்துக்கடைக்குப் போகும் முன்பே உதவி டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள். மேலூர் தாண்டிய பிறகு ஞாபகம் வந்து பயனில்லை.